மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: கோர்ஸ் தேடும் மே மாதங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்துவிடும். தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தேன். அதனால் "எந்த கோர்ஸ் போடலாம் டீச்சர்?" என்ற கேள்வி தானாக என் வாசலுக்கு வந்துவிடுகிறது. உண்மையில் என்னிடம் பதில் கிடையாது. கல்லூரிக்காரர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வார்கள், எதைச் சொல்லாமல் நழுவுவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்த மேசையின் இரண்டு பக்கமும் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இந்தப் பக்கம். 2005. வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கி, பேனாவில் நிரப்பி, மறுபடி வரிசையில் நின்று கொடுத்த காலம். எனக்கு பி.எஸ்சி. மேத்ஸ் வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கணக்கு வாத்தியார் நல்லவர், அவ்வளவுதான். இன்டர்வியூ அன்று கம்பி ஜன்னலுக்குள்ளே இருந்தவர் என் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேத்ஸ் ஃபுல்லு. கெமிஸ்ட்ரியில ரெண்டு இருக்கு. வேணுமா, அடுத்த ஆளக் கூப்பிடவா?" என்றார். பின்னால் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. வேணும் என்றேன். என் பட்டப்படிப்பு முடிவான நேரம் பத்து விநாடி இருக்கலாம். கெமிஸ்ட்ரி என்னைக் கைவிடவில்லை, இன்றைக்கும் சோறு போடுகிறது. ஆனால் அன்றைக்கு மிச்சமிருந்தது விலங்கியல் என்றால் விலங்கியல்தான் படித்திருப்பேன்.

எம்.எஸ்சி. முடித்து 2011இல் செங்குன்றத்தைத் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதலாமாண்டுக்குப் பாடம் நடத்துகிற சயின்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ் துறை. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், இங்கிலீஷ்காரர்கள் எல்லாம் ஒரே அறையில் இருப்போம். ஜனவரி பிறந்ததும் எங்கள் வேலையே மாறிவிடும். பள்ளிக்கூடப் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள். வேனில் பேனரும் புரொஜெக்டரும் ஏற்றிக்கொண்டு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், மணலி என்று கிளம்புவோம். வெளியே பெயர் 'கேரியர் கைடன்ஸ் ப்ரோக்ராம்'. எங்களுக்குள் பெயர் 'கேன்வாஸிங்'.

ஒரு மணி நேரப் பேச்சில் ஐம்பது நிமிடம் பொதுவாகப் போகும்: பொறியியலில் என்னென்ன பிரிவு, கட் ஆஃப் எப்படிப் போடுவது, முதல் பட்டதாரிச் சலுகைக்கு எந்தச் சான்றிதழ். அதெல்லாம் உண்மையான தகவல்தான், பிள்ளைகளுக்குப் பயன்பட்டும் இருக்கும். கடைசி பத்து நிமிடத்தில் ஒரு தாள் கொடுப்போம். 'கருத்துப் படிவம்' என்று மேலே போட்டிருக்கும். பெயர், அப்பா போன், அம்மா போன், குரூப், விரும்பும் பாடம். கருத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் அடியில். நாங்கள் வந்ததே அந்தத் தாளுக்குத்தான். மார்ச்சில் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து அந்த எண்களுக்கெல்லாம் போன் போடுவோம். ஆளுக்கு ஐந்து அட்மிஷன் டார்கெட். முடிக்காதவர்களுக்கு மே மாதச் சம்பளம் இழுத்தடிக்கும்.

பிள்ளைகளை ஏமாற்ற வேண்டும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. எங்களிடம் எந்தப் பிரிவில் சீட் காலியோ, அந்தப் பிரிவைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகக் கொஞ்சம் உயரும். அவ்வளவு போதும்.

ஒரு பையனை மட்டும் மறக்க முடியவில்லை. 2013, வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மின்விசிறி சத்தத்துக்கு நடுவே கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "மேடம், ஏரோநாட்டிக்கல் படிச்சா பிளேன் ஓட்டலாமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருடம் எங்கள் கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் பாதிகூட நிரம்பவில்லை. எனக்குப் பதில் தெரியும். ஓட்ட முடியாது. விமானம் ஓட்ட பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தால் போதும். பொறியியல் பட்டம் தேவையில்லை. பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, மருத்துவப் பரிசோதனையில் தேறி, 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்க வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் செலவாகும். விமானத்தைப் பழுது பார்த்துப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது இன்னொரு படிப்பு, அதற்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.வின் உரிமம் வேண்டும். ஏரோநாட்டிக்கல் பொறியியல் இரண்டுமே இல்லாமல் விமானத்தை வடிவமைக்கிற கணக்கும் இயற்பியலும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் சொன்னது, "ஏவியேஷன் ஃபீல்டுல நிறைய வாய்ப்பு இருக்குப்பா, கேம்பஸ் வந்து பாரு."

வந்தான், சேர்ந்தான். முதல் வருடக் கெமிஸ்ட்ரி நான்தான் எடுத்தேன். நான்காவது வருடம் முடியும்போது பதினொரு அரியர். 2019 தொடக்கத்தில் மூலக்கடையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது பைக்கை நிறுத்திப் பேசினான். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலையாம். அரியர் எல்லாம் முடித்து டிகிரியும் வாங்கிவிட்டான். பழைய கதை பேசிச் சிரித்தோம். நானாகத்தான் அந்தக் கேள்வியை எடுத்தேன். "அது ஞாபகம் இருக்கா மேடம்? நீங்க ஒண்ணும் பொய் சொல்லல. பதில்தான் சொல்லல," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த வருடமே வேலையை விட்டேன். அவன் ஒருவனால்தான் என்று சொன்னால் அது கதை. சம்பளப் பாக்கியும் ஒரு காரணம்.

இனி என் அண்ணன் மகள் விஷயம். அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். ஏழெட்டு நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டு வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். கல்லூரி சேர்க்கை நடக்கிற நேரமும் சரியாக அதுதான். வருமானம் நின்றிருக்கும்போதுதான் "இப்பவே அட்வான்ஸ் கட்டிட்டா சீட் உறுதி" என்று போன் வரும். ரிசல்ட் 2024 மே 6 அன்று வந்தது. மறுநாளே அண்ணனுக்கு நான்கு போன். பேசிய பெண்களின் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்தது, அவர்களும் டார்கெட் உள்ள லெக்சரர்கள்தான். பாவமாக இருந்தது.

அவள் அரசுப் பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். கணிதம் 71, இயற்பியல் 74, வேதியியல் 78, கம்ப்யூட்டர் 88. பொறியியல் கட் ஆஃப் 200க்குப் போடுவது: கணித மார்க் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. 71, 37, 39, ஆக 147. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு அது 2021இல் வந்தது, அதில் சீட் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். அண்ணனுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. "சும்மா கெடைக்கிற இன்ஜினியரிங்க எவனாவது வுடுவானா பாப்பா?" என்றார்.

தெருவில் எல்லாரும் 'ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்' என்றார்கள். இவளும் அதையே சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஸ்கோப்பு." பள்ளியில் நான் முதல்வன் திட்டத்தில் ஒரு கல்லூரிக்குக் களப்பயணம் கூட்டிப்போயிருந்தார்கள். அங்கே என்ன பார்த்தாய் என்றால் பெரிய ஆடிட்டோரியம், ஏ.சி., மதியம் சாப்பாடு. 2022இல் தொடங்கிய நல்ல திட்டம் அது. கல்லூரி வாசலையே பார்க்காத வீடுகளிலிருந்து பிள்ளைகளை உள்ளே கொண்டுபோய்க் காட்டுகிறது. ஆனால் போகிற கல்லூரியில் பிள்ளைகளை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்துப் பேசிவிட்டு அனுப்பினால் சாப்பாடுதான் நினைவில் நிற்கும். லேபில் ஒரு மணி நேரம் நிற்க விட்டிருக்கலாம்.

நான் வைத்த ஒரே நிபந்தனை, பொறியியலுக்கும் போடு, அரசு கலைக் கல்லூரிக்கும் போடு என்பது. இது எல்லா வீட்டுக்கும் சொல்வது. பொறியியல் விண்ணப்பம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். 50 ரூபாயில் ஐந்து கல்லூரி வரை போடலாம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும். கலைக் கல்லூரி கலந்தாய்வு முதலில் முடிந்துவிடும், பொறியியல் பிறகுதான் வரும். "இன்ஜினியரிங் வந்துடும்" என்று இதைப் போடாமல் விட்டவர்கள் ஆகஸ்டில் இரண்டும் இல்லாமல் என் வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

விண்ணப்பம் போட எங்கள் பக்கத்து அரசுக் கல்லூரியின் உதவி மையத்துக்குப் போனோம். அண்ணனும் வந்தார், தடைக்காலம்தானே. வராண்டாவில் இரண்டு கம்ப்யூட்டர், மூன்று மேசை, ஒரு மண்பானை. எங்களுக்குக் கிடைத்த மேசையில் கணிதத் துறைப் பேராசிரியை, ஓய்வுக்கு நெருங்கிய வயசு. மார்க் ஷீட்டைக் கொடுத்தோம். பார்த்தார். வழக்கமாக அடுத்து வருவது "இந்த மார்க்குக்கு இது கிடைக்கும்" என்ற பேச்சு. அவர் மார்க் ஷீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதினியே, பிடிச்சிதா?" என்றார்.

"டென்ஷன் ஆவும் மேடம். ஒரு செமிகோலன் வுட்டா மொத்தமும் தப்பு."

"சரி. யாரும் சொல்லாம நீயா செய்யற வேலை எதாவது இருக்கா வீட்டுல?"

அவள் யோசித்தாள். அண்ணன் குறுக்கே வந்து, "போட்டு கணக்கு இதுதான் எழுதும் மேடம்," என்றார். உண்மைதான். எட்டாவது படிக்கும்போதிலிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். டீசல் எத்தனை லிட்டர், ஐஸ் எத்தனை பார், ஏலத்தில் எந்த மீன் என்ன விலைக்குப் போனது, ஓனர் பங்கு போக ஆளுக்கு எவ்வளவு. போன வருடம் இதே மாதம் வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பிச் சொல்வாள். நான்கூட அதை ஒரு திறமையாக நினைத்ததில்லை. அப்பனுக்கு உதவுகிற பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

பேராசிரியை எழுந்துபோய் ஒரு பீரோவைத் திறந்து பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்து மேசைக்காரரிடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள் ஒன்று வாங்கினார். மூன்றையும் அவள் முன்னால் போட்டார்: கம்ப்யூட்டர் முதல் செமஸ்டர், கணிதம் முதல் செமஸ்டர், கணிதத்தோடு துணைப்பாடமாக வரும் புள்ளியியல். "பதில் தெரியணும்னு இல்ல. எத முழுசா படிக்கத் தோணுதோ அத மட்டும் சொல்லு. அந்த பெஞ்சுல போய் உக்காரு."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து புள்ளியியல் தாளை நீட்டினாள். அதில் ஒரு கேள்வியில் விரல் வைத்திருந்தாள். இரண்டு கடைகளின் பத்து நாள் விற்பனையைக் கொடுத்து, எந்தக் கடையின் வியாபாரம் சீராக நடக்கிறது என்று கேட்டிருந்தார்கள். "சராசரி மட்டும் பார்த்தா இதுல தப்பா வந்துடும் இல்ல மேடம்? எங்க அப்பா போட்டும் பக்கத்து போட்டும் வருசத்துக்கு ஒரே காசுதான். ஆனா அவங்களுக்கு ஒரு மாசம் கொட்டும், மூணு மாசம் ஒண்ணும் இருக்காது." பேராசிரியை என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். "பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எங்க காலேஜ்ல கிடையாது. மாநிலக் கல்லூரியில, அதான் பிரசிடென்சியில, இருக்கு. அத முதல்ல போடு, எங்களுத கடைசியா போடு," என்றார். எட்டு வருடம் நான் உட்கார்ந்திருந்த மேசையில் இந்த வாக்கியத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் மாலையில் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

அண்ணனுக்கு அதெல்லாம் பிடிபடவில்லை. "அத்த படிச்சா இன்னா வேல மேடம்?" என்றார். நேரான கேள்வி, நேராகவே பதில் வந்தது. மூன்று வருடம் முடித்ததும் ஐ.டி. கம்பெனி மாதிரிச் சம்பளம் வரும் என்று நம்பாதீர்கள், இதற்கு மேலே எம்.எஸ்சி. படித்தால்தான் மதிப்பு. டி.என்.பி.எஸ்.சி.யில் புள்ளியியல் ஆய்வாளர் மாதிரிப் பணிகள் உண்டு, மத்திய அரசில் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு உண்டு, போட்டி அதிகம். டேட்டா சயின்ஸ் என்று எல்லாரும் சொல்வதன் அடியில் பாதி இந்தப் பாடம்தான். ஆர்வம் இருந்தால் பிற்பாடு சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ. என்ற கணிதக் கழகத்தில் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் நுழைவுத் தேர்வு எழுதலாம். அண்ணன் தலையாட்டினார். வெளியே வந்ததும், "பசங்களும் படிக்கிற காலேஜா அது?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்கிற சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

'95 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று சொன்னால், எத்தனை பேரில் என்று கேளுங்கள். அரியர் இருக்கிறவர்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பிளேஸ்மென்டுக்குப் பதிவு செய்யாதவர்களும் கணக்கில் வர மாட்டார்கள். ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் சில இடங்களில் அது மூன்று. நூற்றிருபது பேர் வகுப்பில் நாற்பது பேரை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று எடுத்து அதில் முப்பத்தெட்டு பேருக்கு வேலை என்றால் 95 வந்துவிடும். இந்தக் கணக்கை நானே பவர்பாயின்டில் போட்டுக் காட்டியிருக்கிறேன். பொறியியல் என்றால் போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த சாதிப் பிரிவினருக்கு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பேனரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கல்லூரிகளை மதிப்பிடும் 'நாக்' அமைப்பு தரும் தரம் மொத்தக் கல்லூரிக்கானது, 'என்.பி.ஏ.' அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. சேரப்போகிற பிரிவுக்கு அது இருக்கிறதா என்று கேட்டால் மேசையில் கொஞ்சம் அமைதி வரும்.

புதுப் பெயர் கோர்ஸ்களில் இன்னொரு சிக்கல். எங்கள் தெருவில் ஒரு பெண் பி.எஸ்சி.யில் நீளமான பெயர் உள்ள ஒரு கோர்ஸ் படித்தாள். ஆசிரியர் வேலைக்குப் போட்டபோது, அந்தப் பட்டம் வழக்கமான பி.எஸ்சி. பாடத்துக்கு இணையானது என்பதற்கு அரசாணை இருக்கிறதா என்று கேட்டார்கள். அதைத் தேடி அவள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். அரசு வேலைதான் நோக்கம் என்றால், சேருவதற்கு முன்னால் "இதுக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" என்று கேளுங்கள். எண்ணை எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் இருக்கு" என்பது எண் ஆகாது.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. 2018இல் வந்த அதன் கட்டண விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால் சின்னப் பிடித்தம் போக முழுப் பணம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கல்லூரியில் அட்வான்ஸ் கட்டி டி.சி.யையும் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க ஆறு தடவை போனான். ஆறாவது தடவை விதியை அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம். அன்றைக்கே டி.சி. கிடைத்தது. பணம் பாதிதான் வந்தது.

மாநிலக் கல்லூரி கிடைக்கும் என்று தெரிந்ததும் ஒரு காரியம் செய்தோம், அதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். ஒரு வேலைநாள் காலை ஏழரைக்கு, கல்லூரிக்குப் போவது போலவே கிளம்பிப் பார்த்தோம். வரைபடத்தில் சுலபம்: பீச் ஸ்டேஷன், அங்கிருந்து பறக்கும் ரயில், சேப்பாக்கம். போய் நின்றால் அந்த வருடம் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் பறக்கும் ரயிலே ஓடவில்லை, நான்காவது பாதை வேலை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடந்தால் வேர்த்து வழிய இருபத்தைந்து நிமிடம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் பாரிமுனை நெரிசலில் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. காலையில் மெட்ரோ, திரும்பும்போது பஸ் என்று அவளே முடிவு செய்தாள். செலவையும் அந்த நீள நோட்டில் எழுதினாள்.

ஜூனில் சேர்ந்தாள். 1840இல் தொடங்கிய கல்லூரி, எதிரே கடற்கரைச் சாலை. கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது பொறியியல் கவுன்சிலிங் வந்தது.

விருப்பப் பட்டியலை நிரப்பினாள். அண்ணனுக்காக நிரப்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தது: திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், 7.5இல், கட்டணம் இல்லை. முடிவு சொல்ல இரண்டு நாள். ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே கிடைத்தால் மாறலாம், மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகலாம். இந்த வார்த்தைகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு சீட்டை இழந்தவர்கள் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும்.

அந்த இரண்டு ராத்திரியும் அண்ணன் வீட்டில் சண்டைதான். படகு அப்போது கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தது, இதற்காக அவர் ஒரு நடை போகாமல் இருந்தார். "இன்ஜினியர்னு சொல்லிக்கலாம்பா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னா எவனுக்குப் புரியும்?" என்றார் அண்ணன். அண்ணி வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டார்கள். எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. நாலு வருடம் இலவசமாகக் கிடைக்கிற பொறியியல் பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போ என்று சொல்ல அந்த ஏரோநாட்டிக்கல் பையன் விடவில்லை. முதலாண்டுப் பாடத்திட்டத்தை இறக்கி அவளிடம் கொடுத்தேன். கணிதம், இயற்பியல், வேதியியல், பைத்தான் புரோகிராமிங். படித்தாள். "இது பிளஸ் டூவையே மறுபடி படிக்கிற மாதிரி இருக்கு அத்தை. ஏற்கெனவே ஒரு மாசம் கிளாஸ் போயிட்டேன். அங்க எனக்குப் புரியுது," என்றாள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவளே விலகுகிறேன் என்பதை அழுத்தினாள். அண்ணன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அது சரியான முடிவா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் தலையைச் சொறிவேன். அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் முடிந்தபிறகு என்னை உறுத்தியது வேறு ஒன்று. எங்களிடமிருந்து முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டரில் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வளப் பட்டம், மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. மீன் விலையை நோட்டில் எழுதி வளர்ந்த பெண்ணுக்கு அதை யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. சொல்லியிருந்தாலும் பயனில்லை, அதற்கு பிளஸ் டூவில் உயிரியல் வேண்டும். பத்தாவது முடித்து ஜூன் மாதம் பள்ளி அலுவலகத்தில் "கம்ப்யூட்டர் குரூப்பா, பயாலஜியா?" என்று கேட்டபோது தோழி எதை எடுத்தாளோ அதையே எடுத்தாள். அந்தக் கதவு அன்றைக்கே மூடியாயிற்று. கல்லூரிகள் பிளஸ் டூ பிள்ளைகளைத்தான் தேடி வருகின்றன. பத்தாவது பிள்ளையிடம் போன் நம்பர் வாங்க யாரும் வேன் அனுப்புவதில்லை.

அண்ணனின் சின்னவன் இப்போது பத்தாவது. போன ஞாயிற்றுக்கிழமை டியூஷன் முடிந்து உட்கார்ந்திருந்தவனிடம், பரீட்சை முடிந்ததும் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பொன்னேரி போய்ப் பார்த்துவிட்டு வருவோம், உள்ளே விடுவார்களா என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுவிடுகிறேன் என்றேன். பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. மிக்சரைக் கொறித்தபடி, "அங்க மீனு புடிக்கவா அத்தை சொல்லித் தருவாங்க? அதான் அப்பாவுக்கே தெரியுமே," என்றான்.

நல்ல கேள்வி, நோட்டில் எழுதி வைத்துக்கொள், அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் முதலில் அதையே கேட்கலாம் என்றேன். கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.